அத்தை வராத ஞாயிறுகள்

"அம்மாவைத் திருவிருந்தில் பார்த்து மூணு மாசமாச்சே, உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று எங்கள் சேகரத்தின், அதாவது சபை வட்டாரத்தின், குருவானவர் என்னிடம் கேட்டது 2019 மார்ச் மாதத்தின் முதல் ஞாயிறு. அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நின்று எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். என் கையில், ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதம் கற்றுக்கொடுக்கும் ஓய்வுநாள் பள்ளியின் வருகைப் பதிவேடு. தோள் பையில் திருத்தி முடிக்காத இன்டர்னல் பேப்பர் கட்டு. "முழங்கால் வலி ஐயா, படியேற முடியல" என்றேன். அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, எனக்குச் சொல்லியிருந்ததும் அதுதான்.

வீட்டுக்குள் நுழையும்போதே கறிக்குழம்பு மணம். அத்தை அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அம்மியில் மசாலா அரைத்த ஈரம் இன்னும் காயவில்லை. உரித்த சின்ன வெங்காயத்தின் தோல் ஒரு முறம் நிறைய இருந்தது. கோயிலின் மூன்று படியை ஏற முடியாத முழங்கால், காலை ஏழு மணியிலிருந்து பதினொன்றரை வரை எப்படி நின்றது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். கேட்டுவிட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "நீ பிள்ளையளுக்குப் பாடம் எடுக்கப் போற. அவன் கமிட்டிக்குப் போறான். நானும் கோயிலுக்கு வந்துட்டேன்னா சோறு யாரு பொங்குவா?"

அத்தைக்கு அப்போது எழுபத்து நாலு வயது. கிறிஸ்துமஸுக்கு வந்தவர் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் திருவிருந்துக்கு வரவில்லை. நான் ஊழியம் என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்த வெங்காயத் தோலின்மேல் நின்றுகொண்டிருந்தது.

நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். இளங்கலை, முதுகலை இரண்டுக்கும் வகுப்பு உண்டு. கணவர் மின்வாரியத்தில் பொறியாளர், சேகரக் கமிட்டியிலும் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள். துறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் போன வாரம் ஸ்டாஃப் ரூமில் என்னிடம், "வீடு, கல்லூரி, சர்ச் மூணையும் எப்படி மேடம் பார்க்கிறீங்க?" என்று கேட்டாள். அவள் கணவர் புதிதாக அபிஷேகம் பெற்ற குருவானவர். கைக்குழந்தை வேறு. மணி அடித்துவிட்டதால் பதில் சொல்லாமல் எழுந்து போனேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் நாட்காட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே வீட்டில் மூன்று நாட்காட்டிகள் ஓடுகின்றன, அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. எங்கள் கல்லூரியில் கிழமை கிடையாது, டே ஆர்டர்தான். ஒன்று முதல் ஆறு வரை. புதன்கிழமை விடுமுறை வந்தால் அன்றைய வகுப்புகள் அப்படியே வியாழனுக்கு நகர்ந்துவிடும். மூன்றாம் டே ஆர்டரில் எனக்கு மத்தியானம் முழுக்க லேப் என்றால், அது இந்த வாரம் செவ்வாயில் விழும், அடுத்த வாரம் வெள்ளியில் விழும். வீடோ கிழமையில் ஓடுகிறது. பையனின் டியூஷன் செவ்வாய், வியாழன். கேஸ் சிலிண்டர்காரர் வருவது ஒரு கிழமை. கோயிலுக்கு ஞாயிறு மட்டுமல்ல, வருடம் முழுவதற்கும் தனிக் கணக்கு. ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வரும். அதற்கு முந்தைய நாற்பது லெந்து நாட்களும், அதாவது தவக்காலமும், அதோடு சேர்ந்து நகரும். அந்த நாட்களில்தான் எங்களுக்கு இன்டர்னல், செய்முறைத் தேர்வு, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து, எல்லாம். பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வும் அப்போதுதான். டிசம்பரில் வீடுவீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸ் என்றால் பேப்பர் திருத்தும் முகாமும் அதை ஒட்டியே வரும். மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி என்றால் ஏப்ரல் பருவத் தேர்வின் விடைத்தாள்கள் காத்திருக்கும்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி கல்லூரி ஆசிரியருக்கு வாரம் நாற்பது மணி நேர வேலை, ஆண்டுக்கு 30 வாரம், அதாவது 180 கற்பித்தல் நாட்கள். உதவிப் பேராசிரியர் 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும், இணைப் பேராசிரியர் 14 மணி நேரம். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அந்தப் பதினாலை மட்டும் பார்த்துவிட்டு "உங்களுக்கென்ன, ஒரு நாளைக்கு மூணு பீரியடு" என்பார்கள். ஒரு மணி நேர எம்.எஸ்சி. வகுப்புக்கு நான் மூன்று மணி நேரம் படிக்க வேண்டியிருக்கிறது. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிற வருடம் ஐந்து வருடக் காகிதத்தை அடுக்க வேண்டியிருக்கிறது. ஹாஸ்டலில் அழுதுகொண்டிருக்கிற பிள்ளையோடு உட்கார வேண்டியிருக்கிறது. அதற்கெல்லாம் டைம்டேபிளில் கட்டம் கிடையாது.

கோயிலிலும் அப்படித்தான். "பேராசிரியர்" என்று பெயருக்கு முன்னால் வந்துவிட்டால் சபையில் எல்லா எழுத்து வேலையும் நம்மிடம் வந்து சேரும். பிரதிஷ்டைப் பண்டிகை மலருக்குப் பிழை திருத்த வேண்டும், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஆண்டறிக்கை எழுத வேண்டும், யாரோ ஒருவரின் ஞானஸ்நானச் சான்றிதழை மொழிபெயர்க்க வேண்டும். ஜூன் மாதம் வந்தால் பிள்ளைக்கு சீட் கேட்டு சபையார் வீட்டுக்கு வருவார்கள். என்னால் வாங்கித்தர முடியாது என்று சொன்னால் முகம் வாடிப் போவார்கள். 2019-இல் நான் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, பாடகர் குழுவில் ஆல்டோ என்ற தாழ்குரல், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் செயலர், இன்னும் ஒரு குழுவில் உறுப்பினர். வியாழன் மாலை பாடகர் குழுப் பயிற்சி. அந்த நாளில் உப்புப் பகுப்பாய்வு லேப் வந்துவிட்டால், கிப்ஸ் அப்பரேட்டஸின் ஹைட்ரஜன் சல்பைடு நாற்றம் சேலையில் ஏறியிருக்கும். மாற்றப் போனால் நேரமாகிவிடும் என்று அப்படியே போய் நின்று பாடிவிட்டு எட்டரைக்கு வீடு வருவேன். வந்தால் பையன் தூங்கியிருப்பான்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எல்லாவற்றையும் மனதார விரும்பித்தான் செய்தேன்.

அந்த மார்ச் மாதம் ஓய்வுநாள் பள்ளியில் பத்துக் கட்டளைகள் பாடம். நான்காம் கட்டளையில் யார் யார் வேலை செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல் வரும். நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், உன் வாசலில் இருக்கிற அந்நியன். பிள்ளைகள் எளிதில் மனப்பாடம் செய்ய விரல் விட்டு எண்ணச் சொல்லியிருந்தேன். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று எண்ணிவிட்டு, "டீச்சர், அம்மா இதுல இல்லையே?" என்றது. நான் இருபது வருஷமாக அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கவனித்ததில்லை. மாடு வரைக்கும் பெயர் சொல்லியிருக்கிறது, வீட்டுப் பெண்ணின் பெயர் இல்லை. "நீ" என்பதற்குள் அவளும் அடக்கம் என்று வேத அறிஞர்கள் விளக்குவதுண்டு. அதைத்தான் பிள்ளையிடம் சொன்னேன். அது தலையாட்டியது. ஆனால் அன்றைக்கு அந்த "நீ"க்குள் அத்தை இருந்தாரா என்றால், இல்லை. எங்கள் வீட்டில் ஓய்வுநாளின் சமையல் முழுக்க அவருடையதாக இருந்தது.

ஓய்வுநாள் பள்ளி என்ற பெயரையே அப்புறம்தான் நின்று யோசித்தேன். 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியபோது, வாரம் ஆறு நாள் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்து கற்றுக்கொள்ள அந்த ஒரு நாள்தான் இருந்தது. உழைப்பிலிருந்து ஒரு நாளை மீட்டெடுத்த பிள்ளைகளுக்கான பள்ளி அது. அதை நடத்துவதற்காக நான் ஒரு வயதான பெண்ணின் ஓய்வுநாளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மாவட்டத்து இடையன்குடியைத் தமிழ் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். கால்டுவெல் 1841-இல் அங்கே வந்தார். அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது, அவர் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம் 1880-இல் பிரதிஷ்டையானது. ஆய்வு, சபை, பள்ளி என்று மூன்றையும் ஒரே மனிதர் செய்தார் என்று கருத்தரங்குகளில் பேசக் கேட்டிருக்கிறேன். நானும் அவரை உதாரணமாக நினைத்ததுண்டு. 1844-இல் அவர் மணந்த எலைசா, நாகர்கோவிலில் மிஷனரியாக இருந்த சார்லஸ் மால்ட்டின் மகள். இடையன்குடியில் பெண் பிள்ளைகளுக்குத் தங்கிப் படிக்கும் பள்ளி நடத்தியதும், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததும் எலைசாதான். பிள்ளைகளை வளர்த்ததும் அதே வீட்டில்தான். இப்போது அந்த வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் எலைசாவின் நாள்தான் கண்ணில் வருகிறது. அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை மணிக்கு உட்கார்ந்தார்?

அந்த வருடம் என்னை நிஜமாகவே திருப்பிப் போட்டது பெரிய வெள்ளிதான். 2019-இல் தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் ஏப்ரல் 18, அதுவே பெரிய வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழன். கல்லூரி ஆசிரியர்களுக்கும் தேர்தல் பணி உண்டு. எனக்கும் ஆணை வந்தது. முந்தின நாளே சாமான்களோடு வாக்குச் சாவடிக்குப் போய், அங்கேயே ஒரு பள்ளிக்கூடத் தரையில் படுத்து, மறுநாள் மாலை வரை வாக்குப் பதிவு, அதன் பிறகு இயந்திரங்களுக்கு சீல் வைத்து ஒப்படைக்கும் வரை இருந்தாக வேண்டும். வீடு வந்து சேர்ந்தபோது பெரிய வெள்ளி விடிய ஆரம்பித்திருந்தது. அன்று பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை மும்மணி தியானம். பாடகர் குழுவில் எனக்கு இடம் இருந்தது.

நான் போகவில்லை. ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து, எனக்குத் தெரிந்து, நான் தவறவிட்ட முதல் பெரிய வெள்ளி அதுதான். அத்தையிடம், "இன்னைக்கு நான் வீட்டில இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றேன். அவர் தயங்கினார். கஞ்சிக்கு என்ன செய்வாய், பயறு ஊறப் போடவில்லையே என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றதும் உள்ளே போய், வெள்ளைச் சேலை கட்டி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். என் கணவரும் பிள்ளைகளும் அவரை ஆட்டோவில் ஏற்றினார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் தூங்கினேன். எழுந்து பச்சரிசியும் பயறும் போட்டுக் கஞ்சி வைத்தேன், தேங்காய்த் துவையல் அரைத்தேன். தூரத்தில் கோயில் ஒலிபெருக்கியில் பாமாலை கேட்டது. அந்த மூன்று மணி நேரம் எனக்கு அழுகையாக வந்தது. களைப்பும் இருந்திருக்கலாம்.

மூன்றரைக்கு அத்தை வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைக்கும் யார் யார் என்ன பேசினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நாலாம் வார்த்தைக்கு வந்த வாலிபன் நன்றாகப் பேசினான், ஆறாம் வார்த்தை பேசியவர் அரை மணி நேரத்தைத் தாண்டிவிட்டார். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருடத்தில், அத்தை வெளியிலிருந்து செய்தி கொண்டுவந்து நான் வீட்டில் உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

ஈஸ்டர் முடிந்ததும் பாடகர் குழுவையும் அந்த இன்னொரு குழுவையும் விட்டேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் செயலர் பொறுப்பை ஆண்டு முடியும் வரை பார்த்துவிட்டு வேறொருவரிடம் கொடுத்தேன். ஓய்வுநாள் பள்ளியை மட்டும் வைத்துக்கொண்டேன். சிலருக்கு வருத்தம். ஒரு மூத்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பின்மாற்றம் வந்துரக் கூடாது பார்த்துக்கோ" என்று கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார்கள். அன்பில்தான் சொன்னார்கள், ஆனால் எனக்கு வலித்தது. எங்கள் சபைகளில் பத்துப் பேரிடமே எல்லா வேலையும் குவிகிறது. அந்தப் பத்துப் பேரில் ஒருவர் ஒன்றை இறக்கி வைத்தால் அதை விசுவாசக் குறைவாகப் பார்க்கிறோம். தேவனுக்குக் கொடுத்துவிட்டேன், கொர்பான், என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிடுகிறவர்களை இயேசு எவ்வளவு கோபமாகக் கண்டித்தார் என்பது மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதைப் பற்றி நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை.

கல்லூரியில் நான் செய்த மாற்றம் சிறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கல்லூரியில் அரசுப் பணித் தேர்வுகள் நடக்கும், கண்காணிப்புக்கு ஆசிரியர்கள் போவோம், அதற்குத் தனியாகப் பணம் உண்டு. அந்தப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். கட்டாயமாக வரும்போது மட்டும் போகிறேன். மாணவர்களின் வாட்ஸ்அப் செய்திக்கு இரவு எட்டு மணிக்கு மேல் பதில் சொல்வதில்லை, அவசரமென்றால் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். கூப்பிடுகிறார்கள். அது வேறு.

வீட்டில்தான் பெரிய சண்டை, அதுவும் அத்தையோடு. ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் புதிதாக எதுவும் செய்ய வேண்டாம், கறிக்குழம்பைச் சனிக்கிழமை ராத்திரியே வைத்துவிடலாம் என்று நானும் கணவரும் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. பழைய குழம்பையா கோயிலுக்குப் போய்வந்த பிள்ளைகளுக்கு ஊற்றுவது என்றார். மூன்று வாரம் பேச்சு சரியாக இல்லை. அப்புறம் என் கணவர் சமைக்கக் கற்றுக்கொண்டார். அம்மாவிடமே கற்றுக்கொண்டார். மல்லியும் மிளகும் சீரகமும் எந்த அளவில் வறுப்பது, தேங்காயை எப்போது சேர்ப்பது என்று அடுக்களையில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அத்தை சொல்ல, நாற்பத்தெட்டு வயது மகன் செய்தார். மறுநாள் குழம்பு இன்னும் ருசியாக இருந்தது என்று பையன் சொன்ன பிறகுதான் அத்தை சமாதானமானார்.

அடுத்த வருடமே கொரோனா. 2020 ஈஸ்டர் ஏப்ரல் 12, கோயில் கதவு சாத்தியிருந்தது. என் ஆன்லைன் வகுப்பு, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, யூடியூபில் ஆராதனை, எல்லாம் ஒரே கூடத்தில் இரண்டு போனில் நடந்தன. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

ஓய்வுநாள் பள்ளியை ஏன் விடவில்லை என்று கேட்டால், அது எனக்குத் தேவைப்படுகிறது. மார்க் இல்லாத வகுப்பு அது ஒன்றுதான். கல்லூரியில் இருபத்தைந்துக்கு இன்டர்னல், எழுபத்தைந்துக்கு எக்ஸ்டர்னல், எழுபத்தைந்து சதவீதம் அட்டெண்டன்ஸ், இவையெல்லாம் மாணவர்களை எனக்கு முன்னால் உட்கார வைத்துவிடும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது. பாடம் பிடிக்கவில்லை என்றால் எழுந்து வெளியே போய்விடும், இல்லை என் சேலை நுனியைப் பிடித்து முடிச்சுப் போட ஆரம்பித்துவிடும். ஒரு காரியத்தை ஒரு கதையாக, ஒரு பொருளைக் கையில் கொடுத்துச் சொல்ல நான் அங்கேதான் பழகினேன். பி.எஸ்சி. முதல் வருடத்துக்கு, துகள்களை எண்ணும் அளவான மோல் என்பதை விளக்க, தாம்பாளத்தில் அரிசியும் உளுந்தும் கொண்டுபோய் எண்ணிக்கை வேறு, எடை வேறு என்று காட்டுகிறேன். அது ஓய்வுநாள் பள்ளிப் பழக்கம். தமிழ் வழியில் படித்து வந்து முதல் பெஞ்சில் உட்காரவே கூசுகிற பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அங்கிருந்து வந்ததுதான்.

என் மகளுக்கு இன்னும் ஒரு மனத்தாங்கல் உண்டு. அவள் ஏழாம் வகுப்பில் பள்ளி ஆண்டு விழாவில் நாடகத்தில் நடித்தாள். அது நாக் குழு வந்த நாள், என்னால் போக முடியவில்லை. அவளுக்கு இப்போது பதினெட்டு வயது, வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் போனில் ஏதோ பேச்சில் அது வந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். "சரிம்மா" என்றாள். அந்த நாளை என்னால் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் கைக்குழந்தையோடு இருக்கும் அந்தத் தங்கைக்கு, எல்லாம் ஒரு வழியாகச் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். உன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை யார் கோயிலுக்கு வராமல் நிற்கிறார்கள் என்று மட்டும் பார், அது நீயாகவும் இருக்கலாம் என்று சொல்வேன்.

இன்று சனிக்கிழமை. மணி ஒன்பதே கால். என் கணவர் குக்கரில் கறியை ஏற்றிவிட்டார், நான்கு விசில் வந்தாயிற்று. மேசையில் எம்.எஸ்சி. பேப்பர் பதினெட்டு பாக்கி, அவை திங்கள் வரை கட்டியே கிடக்கும். நாளைக்கு நல்ல சமாரியன் பாடம், கழுதை ஒன்றை அட்டையில் வெட்டி வைத்திருக்கிறேன். அத்தைக்கு இப்போது எண்பது. முழங்கால் இப்போது உண்மையிலேயே வலிக்கிறது, பீடத்துக்கு ஏற முடியாது. குருவானவர் அத்தை உட்கார்ந்திருக்கிற பெஞ்சுக்கே அப்பமும் பாத்திரமும் கொண்டுவருகிறார். இப்போது உப்பு பார்க்கிறேன் என்று அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்கு வந்து நிற்கிறார். மகன் கரண்டியில் எடுத்து ஊதி நீட்டுகிறார்.

"இன்னும் கொஞ்சம் கொதிக்கணும்" என்கிறார் அத்தை.